பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு 4கே மானிட்டர், கூடவே மூன்றாவதும்

என் அக்கா தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர். நாள் முழுக்க ஒரு பக்கம் கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன், இன்னொரு பக்கம் அச்சுக்குப் போகும் பக்கம், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பழைய 1080பி (1920 × 1080 புள்ளிகள்) மானிட்டரில் முழுப் பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் அது இரண்டு சுழி ன-வா மூன்று சுழி ண-வா என்று தெரியாது, மெய்யெழுத்தின் மேல் இருப்பது புள்ளியா திரையில் ஒட்டிய தூசியா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் 27 அங்குல 4கே மானிட்டர் இரண்டு வாங்கினார். கம்ப்யூட்டர் மட்டும் பழையதுதான்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, ஒல்லிப் பெட்டி மாடல், 2013-இல் வந்த வரிசை, உள்ளே இன்டெல் ஐ5-4590 ப்ராசசர். அலுவலகங்களில் ஓடிக் கழித்த இந்த மாதிரிப் பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கின்றன, வாங்கி வைத்திருப்பவர்களும் நிறையப் பேர்.

"இந்தப் பழசுல ரெண்டு 4கே ஓடாது, புதுசு வாங்கிடுங்க" என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓடும். இப்போது அதே பெட்டியில் இரண்டு 4கே திரையும், மூன்றாவதாகப் பழைய 1080பி திரையும் ஓடுகின்றன. ஆனால் மாட்டியதும் ஓடிவிடவில்லை, மூன்று வார இறுதி எனக்கு அதில் போனது. அந்த நேரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். படம் திரைக்கு வருவதற்குள் பல இடங்களைத் தாண்டுகிறது: கிராபிக்ஸ் சிப், பெட்டியின் பின்பக்க போர்ட், நடுவில் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அது, கேபிள், மானிட்டரில் கேபிள் சொருகும் போர்ட். இந்த வரிசையில் எது ரொம்பக் குறுகலோ அதன் அளவுக்குத்தான் படம் வரும், மற்றதெல்லாம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலும் பழி கம்ப்யூட்டர் மேல் விழும், குற்றம் சின்னக் கன்வெர்ட்டரில் இருக்கும். எனவே காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உங்கள் வரிசையை எழுதிப் பாருங்கள்.

கணக்கு சுலபம்தான். 4கே என்றால் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள், 1080பி-யைப் போல நான்கு மடங்கு. ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 தடவை (இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள்) என்று பெருக்கினால் விநாடிக்கு 12 கிகாபிட்டை ஒட்டி வரும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் இடைவெளிகளுக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தால் 12.5-ஐத் தாண்டும். இனி போர்ட்டுகளைப் பாருங்கள். விஜிஏ-வையும் சாதாரண டிவிஐ-யையும் 1920 × 1200-க்கு மேல் நம்ப வேண்டாம். டூயல் லிங்க் டிவிஐ 2560 × 1600 வரை போகும். எச்டிஎம்ஐ 1.4-இல் படத்துக்கென்று கிடைப்பது 8 கிகாபிட் சொச்சம், அதனால் 4கே வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். எச்டிஎம்ஐ 2.0-இல் 14.4, தாராளம். டிஸ்பிளேபோர்ட் 1.1-இல் 8.64, டிஸ்பிளேபோர்ட் 1.2-இல் 17.28. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி எண்தான் நல்ல செய்தி, ஏனென்றால் எச்டிஎம்ஐ 2.0 வந்தது 2013 கடைசியில், ஆனால் டிஸ்பிளேபோர்ட் 1.2 2010-லேயே வந்துவிட்டது, அப்போதைய ஆபீஸ் பெட்டிகளில் டிஸ்பிளேபோர்ட்தான் பிரதானமாக இருக்கும். அக்காவின் 9020-இல் இரண்டு டிஸ்பிளேபோர்ட், ஒரு விஜிஏ. எச்டிஎம்ஐ கிடையவே கிடையாது.

அடுத்து சிப். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இன்டெல் கம்ப்யூட்டர் என்றால் ப்ராசசர் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் மேலேயே எழுதியிருக்கும். ஐ5-2400 மாதிரி 2-இல் தொடங்கினால் 2011 காலத்தது, மொத்தம் இரண்டு திரைதான், 4கே-யை மறந்துவிடலாம். 3-இல் தொடங்கினால் மூன்று திரை வரை போகும், ஆனால் டிஸ்பிளேபோர்ட்டிலேயே 2560 × 1600-தான் உச்சம், மூன்று திரையும் சேர்ந்து ஓட வேண்டுமானால் அதில் இரண்டு டிஸ்பிளேபோர்ட் வழியாகப் போக வேண்டும். 4-இல் தொடங்கினால், அதாவது ஐ5-4590 மாதிரி எச்டி 4600 கிராபிக்ஸ் உள்ளது என்றால், டிஸ்பிளேபோர்ட்டில் 4கே 60 ஹெர்ட்ஸ், மொத்தம் மூன்று திரை. 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒரே வருடம்தான் வித்தியாசம், பெட்டியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பழைய பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மானிட்டர் டப்பாவுக்குள் எச்டிஎம்ஐ கேபிள்தான் இருந்தது. பெட்டியில் டிஸ்பிளேபோர்ட். அக்கா பக்கத்துக் கடையில் மலிவாக இரண்டு கன்வெர்ட்டர் வாங்கி வந்து மாட்டிவிட்டார். படம் வந்தது, 4கே என்றே காட்டியது, எழுத்தும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மவுஸ் அம்பு கைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பக்கத்தை நகர்த்தினால் எழுத்து விட்டு விட்டு நகர்ந்தது. ஒரு மணி நேரத்தில் கண் எரிகிறது என்றார். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய்ப் பார்த்தேன்: 30 ஹெர்ட்ஸ். பட்டியலில் 60 இல்லவே இல்லை.

காரணம் அந்தக் கன்வெர்ட்டர். இதில் இரண்டு ரகம் உண்டு. பாஸிவ் என்பது டிஸ்பிளேபோர்ட்டை எச்டிஎம்ஐ போலப் பேச வைத்து அப்படியே கடத்திவிடும், உள்ளே மாற்றுவதற்கான சிப் கிடையாது. இதில் மலிவானவை 1080பி-யோடு நின்றுவிடும், கொஞ்சம் நல்லவை 4கே 30 வரை வரும், அதற்கு மேல் வராது. ஆக்டிவ் என்பதில் உண்மையிலேயே மாற்றுகிற சிப் இருக்கும், விலை கூடுதல், ஆனால் 4கே 60 வரும். அட்டையில் "4கே" என்று மட்டும் போட்டிருந்தால் அது 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். "4கே 60 ஹெர்ட்ஸ்", "ஆக்டிவ்" என்று இரண்டும் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, இவை ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போவது வேறு, எச்டிஎம்ஐ உள்ள கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மானிட்டருக்குப் போவது வேறு, திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

ஆனால் என் கருத்து, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். நேராக டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒரு கேபிள், இரண்டு மீட்டருக்குள், அவ்வளவுதான். நடுவில் ஒரு பொருள் குறைந்தால் சந்தேகப்பட ஒரு இடம் குறையும்.

கேபிளிலும் எனக்கு ஒரு அனுபவம். கேபிள் இரண்டையும் மாட்டியதும் 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது, சந்தோஷம். மறுநாள் காலை கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. பவர் சப்ளை போய்விட்டது என்றே நினைத்தேன். மூடியைத் திறந்து, ப்ளக்கைப் பிடுங்கி, பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் வடித்துவிட்டுப் பார்த்தால், மதர்போர்டு ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. ப்ளக் என் கையில் இருக்கிறது! சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு மானிட்டரின் கேபிளை உருவினேன், விளக்கு அணைந்தது. மின்சாரம் மானிட்டரிலிருந்து கேபிள் வழியாகப் பெட்டிக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. டிஸ்பிளேபோர்ட்டில் 20-ஆம் பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரண கேபிளில் அந்தப் பின்னை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இணைக்கவே கூடாது என்பது டிஸ்பிளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் விதி. மலிவு கேபிள் சிலவற்றில் 20 பின்னையும் இணைத்துவிடுகிறார்கள். கேபிளை மாற்றினேன், அதோடு சரி. உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரை மாட்டினால் ஆன் ஆகாமலும் கழற்றினால் ஆன் ஆகியும் விளையாட்டுக் காட்டினால், பவர் சப்ளை வாங்க ஓடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். வாங்கும்போதே வெசா சான்று பெற்ற கேபிள் என்று கேட்டு வாங்குவது நல்லது. எச்டிஎம்ஐ கேபிள் என்றால் பிரீமியம் ஹை ஸ்பீடு என்று எழுதிய ரகம், அது 18 கிகாபிட்டுக்குச் சோதித்தது. படம் வந்து, ஆனால் நடுநடுவே ஒன்றிரண்டு விநாடி கறுத்துப் போய்த் திரும்பி வந்தால் அதுவும் பெரும்பாலும் கேபிள்தான்.

மூன்றாவதாகப் பழைய 22 அங்குல மானிட்டரை விஜிஏ-வில் மாட்டினேன். அதில் அகராதியும் மின்னஞ்சலும் திறந்திருக்கும், அதற்குப் போதும். இத்தோடு சிப்பின் மூன்று திரைக் கணக்கு முடிந்தது.

ஆனால் வண்டி இழுக்கத் தொடங்கியது. ஸ்கேன் பக்கங்களை நகர்த்தினால் தயங்கித் தயங்கிப் போனது. இதற்கு ரேம் காரணம். கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் சிப்புக்கென்று சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு 4கே திரையின் ஒரு முழுப் படம் 33 எம்பி, அதை விநாடிக்கு 60 தடவை ரேமிலிருந்து படித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே விநாடிக்கு 2 ஜிபி, இரண்டு திரைக்கு 4 ஜிபி. டிடிஆர்3 1600 ரேம் ஒரு குச்சி இருந்தால் மொத்தமே 12.8 ஜிபிதான் தரும், அதில் மூன்றில் ஒரு பங்கு திரைக்கே போய்விடுகிறது. அக்காவின் பெட்டியில் 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தது. அதே ரகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, இரண்டும் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து, ஓடுகிற மாதிரி ஜோடி ஸ்லாட்டில் போட்டேன், 25.6 ஜிபி ஆகிவிட்டது. வித்தியாசம் மவுஸை நகர்த்தும்போதே தெரிந்தது. பழைய டிடிஆர்3 குச்சி மலிவு. இந்த வேலையில் நான் செய்த செலவிலேயே பலன் அதிகம் தந்தது இதுதான்.

கார்டு போட வேண்டியவர்கள்

2-இலும் 3-இலும் தொடங்கும் ப்ராசசர்காரர்களுக்கும், மூன்று நான்கு 4கே வேண்டும் என்பவர்களுக்கும் கார்டு தவிர வழி இல்லை. விளையாட்டுக்கு என்று விற்கும் பெரிய கார்டுகளின் பக்கம் போகாதீர்கள். 9020 ஒல்லிப் பெட்டியில் பவர் சப்ளை 255 வாட், கார்டுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது, உயரமும் பாதிதான் கொள்ளும். கார்டு சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் விதிப்படி 75 வாட் வரை தரலாம், ஆனால் ஒல்லிப் பெட்டிகளில் தயாரிப்பாளரே அதைக் குறைத்து வைத்திருப்பதும் உண்டு, மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

இந்த வேலைக்கென்றே செய்தது போல இருப்பவை என்விடியாவின் அலுவலக ரகக் கார்டுகள். குவாட்ரோ பி620: நான்கு மினி டிஸ்பிளேபோர்ட், நான்கிலும் 4கே 60, மொத்தம் 40 வாட். பி400: மூன்று போர்ட், 30 வாட். அதற்கு அடுத்த தலைமுறையில் டி400 மூன்று போர்ட், டி600 நான்கு போர்ட். விலை கட்டுப்படியானால் டி வரிசையையே எடுங்கள், டிரைவர் இன்னும் அதிக காலத்துக்கு வரும். எல்லாமே பாதி உயரக் கார்டு. பழையதாக வாங்கும்போது கார்டைப் பெட்டியில் பொருத்தும் குட்டைத் தகடும், மினி டிஸ்பிளேபோர்ட்டைப் பெரிய டிஸ்பிளேபோர்ட்டாக மாற்றும் சின்ன வால்களும் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் தொலைத்துவிட்டுத்தான் விற்பார்கள், நெட்டைத் தகடோடு வந்தால் பெட்டி மூடாது.

என்விடியாவின் ஜிடி 710 கார்டை மட்டும் வாங்காதீர்கள். இன்னும் புதிதாகவே விற்கிறது, டப்பாவில் 4கே என்றும் போட்டிருக்கும், அதன் எச்டிஎம்ஐ 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். செலவழித்தும் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். ஜிடி 1030 பரவாயில்லை, எச்டிஎம்ஐ 2.0 உண்டு, ஆனால் இரண்டு திரைதான். அதன் சில பதிப்புகளில் டிஸ்பிளேபோர்ட்டுக்குப் பதில் டிவிஐ இருக்கும், படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. ப்ளக்கைப் பிடுங்கி, பட்டனை ஐந்து விநாடி அழுத்தி, பெட்டியின் இரும்பில் கையை வைத்து உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, எக்ஸ்16 என்னும் நீளமான ஸ்லாட்டில் கிளிக் என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒன்று உள்ளே எக்ஸ்4 (கால் பங்கு) வயரிங்காக இருக்கலாம். திரை வேலைக்கு அதுவும் போதும், எக்ஸ்16 காலியாக இருந்தால் அதிலேயே போடுங்கள்.

நண்பர் ஒருவரின் ஆப்டிபிளெக்ஸ் 7010-க்குப் பி620 போட்டோம். ஆன் செய்தால் திரை கறுப்பு. கார்டு கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டு போர்ட்டிலேயே இருந்தது. கார்டு போட்டதும் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பழைய போர்ட்டுகளை அணைத்துவிடும், கேபிளைக் கார்டுக்கு மாற்ற வேண்டும். பழைய போர்ட்டுகளும் சேர்ந்து வேண்டும் என்றால் பயாஸில் வீடியோ பகுதியில் மல்டி டிஸ்பிளே என்று ஒன்று இருக்கும், சில போர்டுகளில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். 2011-க்கு முந்தைய போர்டுகளில் யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகை பயாஸ் இல்லாததால் புதிய கார்டு சில நேரம் தொடக்கத்திலேயே படம் காட்டாது, அதனால் அவ்வளவு பழைய போர்டுக்குக் கார்டு வாங்கினால் திருப்பி எடுக்கிற கடையில் வாங்குங்கள்.

ஒரே டிஸ்பிளேபோர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் எம்எஸ்டி ஹப்பும் உண்டு. 17.28 கிகாபிட்டில் 2560 × 1440 திரை இரண்டு 60 ஹெர்ட்ஸில் அடங்கும், 4கே ஒன்றுதான் அடங்கும். சிப்பின் மூன்று திரை வரம்பை இது கூட்டாது. யூஎஸ்பி 3.0-இல் மாட்டும் டிஸ்பிளேலிங்க் கருவிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை ப்ராசசர் தலையில் கட்டுகின்றன. கணக்குப் புத்தகம், மின்னஞ்சல் வைக்கக் கூடுதல் திரை என்றால் சரி, பழைய ப்ராசசரில் 4கே வீடியோவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எல்லாம் மாட்டிய பிறகு

60 வரவில்லை என்றால் மானிட்டரின் சொந்த மெனுவையும் பாருங்கள். சில மானிட்டர்கள் பழைய கம்ப்யூட்டருக்கு ஒத்துப்போக வேண்டும் என்று டிஸ்பிளேபோர்ட் 1.1 அல்லது எச்டிஎம்ஐ 1.4 என்று தாழ்த்தி வைத்தே வரும், அதை 1.2, 2.0 என்று மாற்ற வேண்டும். எழுத்தைச் சுற்றிச் சிவப்பு, நீலச் சாயல் தெரிந்தால் கார்டு நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம், கிராபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் ஆர்ஜிபி என்று வையுங்கள். டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

27 அங்குல 4கே-யில் 100 சதவீத அளவு பொடியாக இருக்கும், 150 வையுங்கள். இடம் 2560 × 1440 திரை அளவுக்குக் கிடைக்கும், ஆனால் எழுத்துக்குப் புள்ளிகள் அதிகம் என்பதால் கூர்மை வேறு. அக்கா ஸ்கேனைப் பெரிதாக்காமலே ண-வின் மூன்று சுழியை எண்ணுகிறார். 1080பி திரைக்கு 100-ஐயே விட்டுவிடுங்கள், ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக வைக்கலாம். லினக்ஸ் என்றால் இப்படி வேறு வேறு அளவு வைக்க வேலாண்ட் என்னும் புதிய திரை முறையின் அமர்வில் நுழையுங்கள், பழைய எக்ஸ்11 முறையில் இது தொல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்தத் தலைமுறை ப்ராசசர் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை, அதனால் லினக்ஸ் பக்கம் போவதை இப்போதே யோசிக்கலாம்.

டிஸ்பிளே செட்டிங்ஸில் திரைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் இடத்தில், மேசையில் எப்படி நிற்கின்றனவோ அப்படியே இழுத்து வையுங்கள், உயரமும் பொருந்தட்டும். இல்லையென்றால் மவுஸ் அம்பு ஒரு திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசியாக அக்கா சொன்ன குறை: டீ குடித்துவிட்டு வந்தால் மூன்று திரையில் பரப்பி வைத்ததெல்லாம் ஒரே திரையில் குவிந்து கிடக்கிறது. டிஸ்பிளேபோர்ட் மானிட்டர் தூங்கினால் கம்ப்யூட்டருக்கு அது கேபிளை உருவியதைப் போலத் தெரியலாம். மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப் என்று இருந்ததை அணைத்தேன். விண்டோஸ் 11 போட்டிருப்பவர்களுக்கு டிஸ்பிளே செட்டிங்ஸில் மல்டிபிள் டிஸ்பிளேஸ் பகுதியிலேயே சன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் வசதி உண்டு, அதை டிக் செய்தால் போதும். அக்காவுக்கு டீப் ஸ்லீப்பை அணைத்ததிலேயே சரியாகிவிட்டது, ஸ்கேன் இடது பக்கம், பக்கம் நடுவில், அகராதி வலது ஓரத்தில், விட்ட இடத்திலேயே இருக்கின்றன.